இரண்டு வருடத்தில் நான்கு பேட்டரி

என் வண்டி 2006 மாடல், பத்து டயர். இப்போது வரும் வண்டிகளைப் போல அதில் கம்ப்யூட்டர் கிடையாது, டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். ஒருமுறை எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் கரண்ட் இல்லாமலே ஊர் வந்து சேரும். நிறுத்தக்கூட சாவி வேண்டாம், ஸ்டாப் கேபிளை இழுத்தால் போதும். பழைய வண்டிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சார்ஜிங் கோளாறை மாதக்கணக்கில் மூடி மறைப்பதும் இந்தக் குணம்தான். செல்ஃப் இழுக்கவில்லையா, ராத்திரி சரிவான இடமாகப் பார்த்து நிறுத்து, காலையில் உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விடு, முடிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நான் அப்படித்தான் ஓட்டினேன். வழியில் சாப்பிடும் ஓட்டலைக்கூட ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, சரிவு பார்த்துத்தான்.

புத்தி வந்தது தொப்பூரில். தாவணகெரேயில் 16 டன் மக்காச்சோளம் ஏற்றி, நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு வந்துகொண்டிருந்தேன். தருமபுரி தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளாகத் தெரிந்தது. கண்ணாடியில் தூசி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் இண்டிகேட்டரைப் போட்டால் சிமிட்டாமல் மங்கலாக எரிந்துகொண்டே நின்றது. ஹாரனை அழுத்தினால் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி சுருங்கியது. அடுத்து தொப்பூர் கணவாய் இறக்கம். லோடோடு, விளக்கில்லாமல் அதில் இறங்குவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு டீக்கடை ஓரமாக ஒதுக்கிப் பின்னால் போய்ப் பார்த்தால் டெயில் லேம்ப் சுத்தமாக அணைந்திருந்தது. எத்தனை கிலோமீட்டர் அப்படி வந்தேன் என்று தெரியாது. முன்விளக்கு மங்கினால் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், பின்விளக்கு அணைந்தது அவனுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவனுக்கும் கடைசி நொடியில்தான் தெரியும். எஞ்சினை அணைக்காமல் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ராத்திரிக்கு முன்பே மூன்று பேட்டரி வாங்கியிருந்தேன். லாரிக்கு இரண்டு பேட்டரி. முதலில் ஒன்று செத்தது, ஒன்றை மட்டும் மாற்றினேன். எட்டு மாதத்தில் மறுபடி பிரச்சினை, 'புதுசும் பழசும் சேராது' என்று கடைக்காரர் சொல்ல, இரண்டையும் சேர்த்து மாற்றினேன். தொப்பூருக்குப் பிறகு, எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்த ஒன்றைப் போட்டார்கள், கூடவே நான்காவது பேட்டரி. ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல். கடையில் எஞ்சினை நன்றாக முறுக்கி மீட்டர் வைத்துக் காட்டினார்கள், 28.2 வோல்ட். 24 வோல்ட் வண்டிக்கு எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 27.5 முதல் 28.5 வரை இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எனவே கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் செல்ஃப் மறுபடி முனக ஆரம்பித்தது.

சங்ககிரியில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் லாரி வயரிங் செய்தவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார், இவர் திண்ணையில் உட்கார்ந்து யோசனை மட்டும் சொல்வார். ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றும், அதன் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கட்-அவுட் என்றும்தான் சொல்வார். நான் போய் முழுக் கதையையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒவ்வொரு தடவையும் எந்தப் பேட்டரி சாமி போச்சு? எர்த் பக்கமா, செல்ஃப் பக்கமா?"

எனக்கு அதுவரை தோன்றாத கேள்வி. யோசித்துப் பார்த்தால் மூன்று தடவையும் எர்த் பக்கம் இருந்ததுதான் செத்திருந்தது. இன்னொரு பக்கத்துப் பேட்டரிக்கு வேறு சீக்கு, அடிக்கடி தண்ணீர் கேட்கும். மாதம் இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவேன். அதையும் சொன்னேன். பெரியவர் சிரித்தார்.

"பாட்டுப் பொட்டிக்கு எங்கிருந்து கரண்ட் எடுத்திருக்கறே?"

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஒன்றின் மைனஸ் சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் (அதுதான் எர்த் பக்கம்), அதன் பிளஸ் மற்றதன் மைனஸுக்கு, அந்த இரண்டாவதன் பிளஸ் செல்ஃபுக்கு. கார் ஸ்டீரியோ, போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட். அதனால் இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் இணைப்பிலிருந்து ஒரு வயர் இழுத்து ஸ்டீரியோவுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரோட்டில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. என் வண்டியில் அந்த வேலையைச் செய்தது வேறு யாருமில்லை, நானேதான். ஸ்டீரியோ, போன் சார்ஜர், கிளீனர் பையனுக்கு ஒரு சின்ன ஃபேன். மூன்றும் எர்த் பக்கத்துப் பேட்டரியை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பெரியவர் எதையும் கழற்றச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் வண்டியை அப்படியே வைத்திருக்கச் சொல்லி, வந்து மீட்டரை வைத்தார். முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டர்தான். இரண்டு பேட்டரியும் சேர்த்து 24.6. "இத மட்டும் பாத்தா சுமார்னு தோணும்," என்று சொல்லிவிட்டுத் தனித்தனியாக வைத்தார். செல்ஃப் பக்கம் 12.7, எர்த் பக்கம் 11.9. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6, 12.7 காட்ட வேண்டும். 11.9 என்றால் ஏறக்குறைய காலி.

எஞ்சினை ஓடவிட்டு மறுபடி வைத்தார். மொத்தம் 28.2, கடையில் காட்டிய அதே எண். பிரித்துப் பார்த்தால் எர்த் பக்கம் 13.1, செல்ஃப் பக்கம் 15.1. கூட்டினால் கணக்கு சரி, பிரித்தால் இரண்டுமே தப்பு. ரெகுலேட்டருக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும். 28.2 வந்துவிட்டது என்று அது திருப்தியாக இருக்கிறது, உள்ளே ஒன்று பட்டினி கிடக்கிறது, இன்னொன்று கொதிக்கிறது. தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கும் பதில் அதுதான்.

அவர் சொன்ன விளக்கத்தை மறக்கவே முடியாது. "ரெண்டு மாட்டுக்கும் ஒரே அளவுதான் தீவனம் போடறே. ஒண்ண மட்டும் ராத்திரியும் ஏர்ல பூட்டறே. அது எலும்பாப் போகுது, இன்னொண்ணுக்கு வயிறு முட்டிப் போகுது." தொடர் இணைப்பில் இரண்டு பேட்டரியின் வழியாகவும் ஒரே அளவு சார்ஜ் கரண்ட்தான் போகும். குறைந்ததற்குத் தனியாகக் கொடுக்க அதற்கு வழியில்லை.

பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டர் வைத்தபோதும் அதே கதைதான். செல்ஃப் பக்கம் எல்லா செல்லிலும் 1.270 பக்கம், எர்த் பக்கம் 1.140, 1.150. ஒரு பேட்டரியின் ஆறு செல்லும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் அது சார்ஜ் இல்லாத பேட்டரி. ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்திருந்தால் அந்த செல் போய்விட்டது, பேட்டரியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். என்னுடையது முதல் வகை. இரண்டையும் கழற்றித் தனித்தனியாக சார்ஜரில் ஒரு ராத்திரி போட்டதும் எழுந்துவிட்டது. நான் ஏற்கெனவே எடைக்குப் போட்ட பேட்டரிகளில் எத்தனை இப்படி எழுந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனமில்லை.

நடு இணைப்பிலிருந்த வயரை அறுத்துவிட்டு 24-லிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வைத்தோம். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். விலை ஒரு பேட்டரியின் விலையில் சின்னப் பங்குதான்.

நான் கிளம்பத் தயாரானேன். பெரியவர் விடவில்லை. "இது பேட்டரி செத்த கதை. தொப்பூர்ல லைட்டு போன கதை வேற," என்றார். உண்மைதான். ஸ்டீரியோ உறிஞ்சினால் செல்ஃப் இழுக்காமல் போகும். எஞ்சின் ஓடும்போதே விளக்கு மங்கியது என்றால் அன்றைக்கு சார்ஜே வரவில்லை. பழைய வண்டியில் ஒரு கோளாறு கிடைத்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பதுதான் வழக்கம்.

எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் போடச் சொன்னார். மீட்டர் போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. "சார்ஜ் லைட்டு எங்க?" ஆயில் விளக்குக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு கண்ணாடி. அது எரியாமல் இருந்தால் நல்லது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எஞ்சின் ஓடும்போது எரியக் கூடாது, சரி. ஆனால் சாவி போட்டதும் எரிந்தே ஆக வேண்டும். அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் அந்த முதல் தூண்டல் இல்லை. ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்து, வேகம் ஏறினால் சில ஆல்டர்னேட்டர்கள் தானாகப் பிடித்துக்கொள்ளும், சில பிடிக்காது. என்னுடையது நாளுக்கு ஒரு மாதிரி. கடையில் எஞ்சினை முறுக்கிக் காட்டும்போதெல்லாம் பிடித்துக்கொண்டது. கோளாறு வெளியே வராதபடிதான் சோதனையே நடந்திருக்கிறது.

இதை நிரூபிக்க அவர் செய்தது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. சாவி போட்டபடி, எஞ்சின் ஓடாமல், ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே ஒரு சின்ன ஸ்பேனரைக் கொண்டுபோனார். ஒட்டவில்லை, சும்மா இரும்பு. மீட்டர் போர்டைக் கழற்றி 24 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டினார், டீக்காசுக்குக் கிடைக்கிற பல்பு. சார்ஜ் லைட் எரிந்தது. மறுபடி ஸ்பேனரைக் கொண்டுபோனார், லேசாக இழுத்துக்கொண்டது. விரலில் அந்த இழுப்பைத் தொட்டுப் பார்க்கலாம். ஸ்டார்ட் பண்ணினேன், விளக்கு அணைந்தது, வெறும் ஐடிலிலேயே வோல்ட்டேஜ் ஏறியது. கழற்றிக் கொடுத்த என் பழைய ஆல்டர்னேட்டரில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது என்பதுதான் என் அனுமானம். அது இப்போது வேறு யார் வண்டியிலோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதே விளக்கு மற்ற சேதியும் சொல்லும். எஞ்சின் ஓடும்போது முழுசாக எரிந்தால் சார்ஜ் வரவில்லை: முதலில் பெல்ட்டைப் பார்க்கணும், அப்புறம் ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன், ரெகுலேட்டர். மங்கலாக மினுக்கினால் பெரும்பாலும் டயோட், அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். டயோட் ஷார்ட் ஆனால் எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரியிலிருந்து கரண்ட் ஆல்டர்னேட்டருக்குள் திரும்பி ஓடும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு மீட்டர் வேண்டாம்.

மூன்றாவது கோளாறு எர்த். சார்ஜ் நன்றாக வந்த பிறகும் ஹெட்லைட் எனக்குத் திருப்தியாக இல்லை. பிரேக் மிதித்தால் இன்னும் மங்கியது. என் கேபின் எங்கள் பக்கத்தில் கட்டியது. சேசிஸாக வாங்கி வந்து இங்கே பாடி கட்டுவதுதானே வழக்கம். மரச்சட்டத்தின் மேல் தகடு. முழு இரும்புக் கேபினில் தகடே எர்த்தைக் கொண்டுபோகும், மரத்தில் போகாது. அதற்கென்று தனி வயர் இழுத்திருப்பார்கள். அந்த வயர் பெயிண்ட் அடித்த ஒரு பிராக்கெட்டில் முறுக்கியிருந்தது. அதன் மேல் பத்துப் பன்னிரண்டு வருடத்துத் துரு.

சோதிப்பது சுலபம். ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில், மறு முனையை ஹெட்லைட் ஹோல்டரின் எர்த்தில் வைக்க வேண்டும். நியாயமாக ஏறக்குறைய சைபர் வரணும். எனக்கு 2.3 வோல்ட் வந்தது. அவ்வளவும் துருவைச் சூடாக்கப் போய்க்கொண்டிருந்தது. இழை பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான் அதிக வாட் பல்பு போட்டு ஹோல்டரை உருக்கியதும் இதனால்தான்.

ஒரு விஷயம், இந்தச் சோதனையை விளக்கு எரியும்போதுதான் செய்ய வேண்டும். அணைத்துவிட்டு வயரின் தொடர்ச்சியை மட்டும் பார்த்தால், ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று சொல்லிவிடும். நூல் அறுபடாமல் இருக்கிறது என்பது வேறு, அது பாரம் தூக்கும் என்பது வேறு. அதே முறையில் ஆல்டர்னேட்டர் பிளஸுக்கும் பேட்டரி பிளஸுக்கும் நடுவிலும் பார்த்தேன், 0.4. அரை வோல்ட்டுக்குள் இருந்ததால் அதைத் தொடவில்லை.

பிராக்கெட்டைச் சுரண்டி, பெயிண்ட் இல்லாத இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது வயருக்கு லக் அடித்து சேசிஸ் வரை கொண்டுபோய் முறுக்கினோம். மேலே கொஞ்சம் கிரீஸ். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரும் பின்னல் பட்டையையும் பார்த்தோம், பாதி இழைகள் அறுந்திருந்தன. அதுவும் அறுந்துவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது அவ்வளவு கரண்டும் ஆக்சிலரேட்டர் கேபிள் மாதிரி கிடைத்த வழியில் பாயும். ஒரு நண்பரின் வண்டியில் கேபிள் புகைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் கேபிளை மாற்றினார், பட்டையை மாற்றவில்லை, புதுக் கேபிளும் புகைந்தது.

2020 ஊரடங்கில் வண்டி ஷெட்டில் நின்றபோது ஒரு பாடம். முதல் பத்து நாளிலேயே பேட்டரி இறங்கிவிட்டது. மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் 24 வோல்ட் டெஸ்ட் லேம்பைக் கோத்தேன், எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில். பல்பு மங்கலாக எரிந்தது, அதாவது எங்கேயோ போகிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஜி.பி.எஸ். கருவியின் ஃபியூஸில் அணைந்தது. மீட்டரில் பார்த்தால் அரை ஆம்பியர். அவ்வளவுதானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர், பத்து நாளில் 120. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 150. அந்தக் கருவி கெட்டுப்போயிருந்தது, நல்லதாக இருந்தால் இதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. இப்போதெல்லாம் வண்டி நாலு நாளுக்கு மேல் நின்றால் மைனஸைக் கழற்றிவிடுகிறேன்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஸ்பேனர் சேசிஸில் பட்டால் தீப்பொறி பறக்காமல் இருக்க இதுதான் வழி. சார்ஜ் ஏறிய பேட்டரி பக்கத்தில் பீடி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். அப்புறம், எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைப் பிடுங்கி 'வண்டி நிக்குதா பார், நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்கு' என்று சோதிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிடுங்கிய அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் சாப்பிட்டுவிடும். தவிர, பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் வண்டி கரண்டே இல்லாமலும் ஓடும் என்பதால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பாடியில் வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒரு பட்டறையில் அவசரத்தில் கழற்றாமல் டெயில் கேட்டுக்கு வெல்டிங் அடித்து, ஒரு ரெகுலேட்டரை நான் இழந்திருக்கிறேன். அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான்தான், அதனால் வெல்டரைத் திட்டவும் முடியவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை, விடியற்காலையில், எதையும் தொடுவதற்கு முன் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து மீட்டர் போர்டு மேல் இருக்கும் நோட்டில் எழுதிவைக்கிறேன். அந்த ஜோடியை ஒன்றாகவே மாற்றி இப்போது நாலாவது வருடம் ஓடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1-ஐத் தாண்டவில்லை. கன்வர்ட்டர் வைத்ததிலிருந்து ஸ்டீரியோவில் ஒரு மெல்லிய இரைச்சல் வருகிறது. கிளீனர் பையன், "பழைய வயரே நல்லா இருந்துச்சுங்கண்ணா," என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறான்.

மழை பெய்தால் மட்டும் இடது இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கிறது. ஒரு பக்கம் பல்பு எரியாதபோது அடிப்பது மாதிரி. வெயிலில் நன்றாக இருக்கிறது. பின் லைட்டின் ஹோல்டரில் பச்சை பூத்திருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும் என்று கை அரிக்கிறது. ஆனாலும் ஹோல்டரை இன்னும் மாற்றவில்லை. அடுத்த லோடு இறக்கியதும் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, மீட்டரை வைத்து, அப்புறம் பார்க்கலாம்.